பதினோராவது பெயர்

பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த அந்த வருடம் எனக்குப் பத்து வயது. அம்மா பழைய நைட்டித் துணியில் தைத்துத் தந்த பூப்போட்ட மாஸ்க் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே எங்கள் ஊர் புதுக்கடையில் தடுப்பூசி முகாம் நடந்த காலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அன்று முப்பது பேருக்குத்தான் மருந்து வந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆபேல் மாமா தான் எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து மைக்கில் பெயர் வாசித்தார். மூச்சுவிடும்போதெல்லாம் அவர் கண்ணாடியில் ஆவி படிந்தது. மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால், அந்த ஊசி அடுத்த ஆளுக்கு.

மரத்தடியில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த ஐந்து பேர் விடியும் முன்பே வந்து காத்திருந்தார்கள். அதில் முதல் ஆளாக வந்தவர் எங்கள் வீட்டில் டைல்ஸ் ஒட்டிய அண்ணன். வேலைக்கு வந்த முதல் நாளே என் பெயரைக் கேட்டு, "ஸெனிலா, தண்ணி" என்று சிரித்தவர். ஊசி போட்டால்தான் இனி வேலை என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

"பதினொண்ணு, பெங்காலி" என்றார் மாமா.

யாரும் எழவில்லை.

"பெங்காலி."

அண்ணன் தன் பெயர் வருமா என்று மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, அவரு அங்கதான் இருக்காரு."

"பின்ன விளிச்சா வரண்டாமா மக்கா?"

"அது அவரு பேரு இல்லியே. வேற யாரையாவது இப்படி பேரில்லாம விளிச்சீங்களா?"

"வடக்கேருந்து வாறவங்கள எல்லாரும் அப்படித்தானே சொல்லுகோம். சரி, அவரு பேரு என்ன?"

எங்கள் வீட்டில் ஒன்பது நாள் வேலை செய்தவரிடம் நான் பெயரே கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"கொஞ்சம் பொறுங்க மாமா. அடுத்த ஆள விளிச்சிராதீங்க."

மரத்தடிக்கு ஓடினேன். "அண்ணா, உங்க பேரு என்ன?"

"பீரேன் போரோ."

"நீங்க பெங்காலி இல்லியா?"

"இல்ல ஸெனிலா. அசாம்."

திரும்பி வந்து சொன்னேன். மாமா பட்டியலைப் பார்த்தார். அதற்குக் கீழே இன்னும் நான்கு பெங்காலிகள் வரிசையாக இருந்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"தப்புதான் மக்கா. அவங்களுக்க பேரையும் கேட்டு எழுது. இவர நீயே விளி."

மைக் கனமாக இருந்தது. "பதினொண்ணு, பீரேன் போரோ" என்றேன்.

அண்ணன் சட்டென்று எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "நான்தான்" என்றார்.

ஊசி போட்டுக்கொண்டு போகும்போது, "வாறேன், ஸெனிலா" என்று கையசைத்தார். 'ஸெனிலா இல்லை, ஜெனிலா' என்று திருத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்; அவர் என் பெயரைத்தானே கூப்பிட்டார். இப்போது அவர் இங்கே இல்லை; என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.