சும்மா வந்த எழுத்து

"சும்மா குடுக்காங்களா? அப்போ ஏதோ வில்லங்கம் இருக்கு!" என்றார் அகமது மீரான்.

மேலப்பாளையத்தில் அவருக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. மகள் ஸமீஹா ஆறாம் வகுப்பு. லீவு விட்டால் கடையில்தான் இருப்பாள்.

காலையில் மும்தாஜ் பேகம் வந்திருந்தார். "ஊர்ல எல்லாக் கல்யாணப் பத்திரிகையும் ஒரே எழுத்துல இருக்கு. எம் மவ ஷஃபீகா கல்யாணத்துக்குப் புதுசா வேணும். சாயந்தரம் அஸர் தொழுகைக்குள்ள காட்டுங்க. இல்லன்னா ஜங்ஷன் கடைக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸமீஹா இணையத்தில் தேடினாள். ஒரு குழுவினர் தமிழ் எழுத்துருக்களைச் செய்து, யாரும் காசில்லாமல் எடுக்கலாம், அச்சடிக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அழகான ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கினாள்.

வாப்பா அகமது மீரான் ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து, அந்த எழுத்துக்கு மாற்றிப் பார்த்தார். திரை முழுக்க ஆங்கிலக் கிறுக்கல்!

"பாத்தியா? வைரஸ்! வயரப் புடுங்கு புள்ள!"

ஸமீஹா வயரில் கை வைத்தாள். கம்ப்யூட்டர் படுத்தால் கடையும் படுத்துவிடும். ஆனால் வைரஸ் என்றால் பழைய எழுத்தும் கெட்டிருக்க வேண்டுமே? பழைய எழுத்துக்கு மாற்றினாள். தமிழ் திரும்பி வந்தது.

செல்போனில் 'ஷஃபீகா' என்று அடித்து, கம்ப்யூட்டருக்கு அனுப்பி, புது எழுத்தில் போட்டாள். பளிச்சென்று வந்தது.

"வாப்பா, நம்ம பழைய எழுத்து உள்ளுக்குள்ள இங்கிலீஷ். மேலதான் தமிழ் வேஷம். செல்போன்ல அடிச்சது அசல் தமிழ். அப்படிப் புதுசா அடிச்சாச் சரியா வரும்."

"அது சரி. எதுக்குச் சும்மா குடுக்காங்க?"

"பள்ளிவாசல்ல நோம்புக் கஞ்சி எதுக்கு ஊத்துதாங்க? தூக்குச்சட்டியோட யாரு போனாலும் தாறாங்கல்லா?"

வாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழுப் பத்திரிகையையும் இருவருமாகக் கம்ப்யூட்டரில் அடித்து, மாதிரிக்கு ஒரு தாள் எடுத்தார்கள்.

அஸருக்கு வந்த மும்தாஜ் பேகம், மாதிரித் தாளில் மகள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! இதையே அடிங்க."

அவர் போனதும் பக்கத்து அச்சுக்கடை பாக்கியசீலன் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, எழுத்து புதுசா இருக்கே! எங்கன வாங்குனிய?"

வாப்பா சட்டென்று துண்டால் திரையை மூடினார்.

"எல்லாருக்கும் குடுக்கலாம்னுதான போட்டிருக்கு, வாப்பா?" என்றாள் ஸமீஹா மெதுவாக.

வாப்பா பைய துண்டை எடுத்தார். ஸமீஹா இணைய முகவரியை ஒரு தாளில் எழுதி நீட்டினாள்.

"சும்மாவா தாற?" பாக்கியசீலன் கண்களைச் சுருக்கினார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.