பேருந்தில் வந்த விளக்குகள்

கூதிர் கழிந்து முன்பனி புகும் காலம். பிர்ச் மரங்கள் தம் பொன் இலைகளையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் தண்டுகளோடு வாய்மூடி நின்றன. ஏரிகளின்மேல் மூடுபனி நகராமல் கிடந்தது. கதிரவன் தயங்கி எழுந்து, தொடுவானத்தின் ஓரமாகவே சிறிது தூரம் நடந்து, பிள்ளைகள் மாலைச் சிற்றுண்டி உண்பதற்கு முன்பே மறைந்தான். வெளிச்சம் குறையக் குறைய மனிதர்களின் குரலும் தாழ்ந்துபோகும் பருவம் அது. மறைந்தவர்களை நினைப்பதற்கென்றே இறைவன் அதை ஒதுக்கிவைத்தானோ என்று தோன்றும்.

அந்தப் பருவத்தில்தான் பத்து வயதுச் சிக்னே தன் அம்மாவோடு ஒரு நீலநிறப் பேருந்தில் வட ஐரோப்பியத் தலைநகரங்களைச் சுற்றிவரப் புறப்பட்டாள். அவள் அம்மா லிஸ்பெத் சுற்றுலா வழிகாட்டி. பள்ளிக்கு இலையுதிர்கால விடுமுறை. வீட்டில் துணைக்கு ஆளில்லாததால், மகளும் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

பயணிகள் எல்லோரும் சுவீடன் நாட்டவர். ஆளுக்கு ஓர் இருக்கையில் அமர்ந்து, பக்கத்து இருக்கையில் மேலங்கியை வைத்துவிட்டு, சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். காலி இடம் இருக்கும்போது பிறர் அருகே போய் அமர்வது அவர்களுக்கு வழக்கமில்லை.

சிக்னே மட்டும் ஆஸ்லோவிலேயே அந்த வழக்கத்தை மீறிவிட்டாள். கடைசி வரிசையில் தனியே இருந்த எய்னோ என்ற பெரியவரின் அருகே போய் அமர்ந்தாள்.

"அங்கெல்லாம் நிறைய இடம் காலியா இருக்கே," என்றார் எய்னோ.

"தெரியும். ஆனா இந்த ஜன்னல்தான் நல்லா இருக்கு."

"ஜன்னல் பக்கம் நானில்ல உக்காந்திருக்கேன்?"

"பரவாயில்ல. உங்க மூக்குக்கு மேல பாத்துக்கறேன்."

எய்னோ சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள். ஸ்டாக்ஹோமில் அவர் தம் லவங்கப்பட்டை பன்னில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அன்றிரவு கப்பலில் பேருந்தோடு கடல் கடந்து, சனிக்கிழமை காலை எல்லோரும் ஹெல்சிங்கியில் இறங்கினார்கள். அது அனைத்துப் புனிதர் நாள்; மறைந்தவர்களின் கல்லறைகளில் விளக்கேற்றும் நாள்.

வெள்ளைத் தேவாலயத்தின் முன் பேருந்து நின்றது. முன்வரிசையில் இருந்த தாக்மார் அம்மையார் வெளியே எட்டிப் பார்த்தார்.

"லிஸ்பெத், அவ்வளவு படியும் ஏறணுமா? என் முட்டி உன்கிட்ட கேக்கச் சொல்லுது."

"மெதுவா ஏறலாம் தாக்மார். நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

"கையை விடு, முட்டியைப் பிடிச்சுக்கோ."

எல்லோரும் இறங்கினார்கள். எய்னோ இறங்கவில்லை. மடியில் ஒரு துணிப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். சிக்னேயும் இறங்கவில்லை.

"பையில என்ன எய்னோ? ஆஸ்லோவுல இருந்து அதைக் கீழ வைக்கவே இல்லையே."

அவர் சற்று யோசித்துவிட்டுப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே தகர மூடியிட்ட ஒரு கல்லறை மெழுகுவர்த்தி இருந்தது. காற்றிலும் மழையிலும் இரவெல்லாம் எரியும் வகை.

"எங்கம்மாவுக்கு," என்றார். "அவங்க இந்த ஊர்லதான் இருக்காங்க. கடலோரக் கல்லறைத் தோட்டத்துல."

"நீங்க சுவீடன்காரர்தானே?"

"பின்னாலதான் ஆனேன். பொறந்தது இங்கதான். போர்க்காலத்துல எங்களை மாதிரிப் புள்ளைங்களை ரயில்ல ஏத்தி உங்க நாட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு ஆறு வயசு. கழுத்துல பேரெழுதின அட்டை. அம்மா நடைமேடையில நின்னு எனக்கு உருளைக்கிழங்கு ஊட்டினாங்க. சூடா இருந்துச்சு. ரயில் கிளம்புனப்போ என் வாய் நிறைய உருளைக்கிழங்கு. போய்ட்டு வரேன்னுகூட என்னால சொல்ல முடியல."

சிக்னே அவர் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"பனி உருகினதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள அவங்க நோயில போயிட்டாங்க. என்னை வளத்தவங்க ரொம்ப நல்லவங்க. இருந்தாலும் முதல்ல எனக்குக் கோபம். ஏன் அனுப்பினாங்கன்னு. கோபம் போனதும் வெட்கம். இத்தனை வருஷம் வரலையேன்னு. இப்ப வயசாயிடுச்சு. இந்தத் தடவை விட்டா இனிமே கடல் தாண்டி வருவேன்னு தோணல."

"அப்ப மத்தியானம் போயிட்டு வாங்களேன். டிராம் போகுமே."

"வழி தப்பி நேரமாயிட்டா? பஸ்ஸே எனக்காகக் காத்து நிக்கணும். அது வேண்டாம்."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா? பஸ்லயே போயிடலாம்."

"சொன்னா எல்லாரும் சரின்னுதான் சொல்வாங்க. மனசுக்குள்ள, சாயங்காலம் துறைமுக அங்காடி பாக்க முடியலையேன்னு நினைப்பாங்க. நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன். நீயும் யார்கிட்டயும் என் கதையைச் சொல்லக் கூடாது. சொல்லு, சொல்ல மாட்டேதானே?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் சிக்னே. சொன்ன அந்த நொடியிலேயே அதற்காக வருந்தினாள்.

பகலுணவின்போது அவளுக்கு மீன் சூப் இறங்கவில்லை. எய்னோவின் கதையைச் சொல்லவும் கூடாது. சொல்லாமல் பேருந்தைத் திருப்பவும் வேண்டும். மாலையில் துறைமுகத்து மீன் அங்காடி. அதன்பின் தாலின் நகருக்குக் கப்பல். பிறகு அந்த விளக்கு ஏற்றப்படாமலேயே வீடு திரும்பும்.

சூப்பைக் கிளறிக்கொண்டே யோசித்தபோது, அவளுக்கு ஒன்று புலப்பட்டது. எய்னோவின் கதையைச் சொல்லத்தானே கூடாது? அவளுக்கென்று ஒரு கதை இருக்கிறதே.

பேருந்து கிளம்பியது. மூன்று மணிக்கே வானம் சாம்பல் பூசிக்கொண்டது. லிஸ்பெத் அங்காடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, சிக்னே முன்னால் வந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் மைக் தர்றியா?"

"பாடப் போறியா? வேண்டாம் கண்ணு, பணம் குடுத்து வந்திருக்காங்க."

"பாட மாட்டேன்."

அவள் மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அத்தனை முகங்களும் சன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பின.

"எங்க தாத்தா ஆர்விட் போன வருஷம் செத்துப்போயிட்டார். இன்னைக்கு நம்ம ஊர்ல எல்லாக் கல்லறையிலயும் விளக்கு எரியும். அவரோடது மட்டும் இருட்டா இருக்கும். நானும் அம்மாவும் இங்க இருக்கோம் இல்லையா, அதனால. எனக்கு இந்த ஊர்லயே எங்கயாவது அவருக்கு ஒரு விளக்கு ஏத்தணும். வேற யாருக்காவது ஏத்தணுமா? கை தூக்க வேண்டாம். லேசா தலையாட்டினாப் போதும்."

யாரும் தலையாட்டவில்லை. லிஸ்பெத்தின் முகம் சிவந்தது. சிக்னேவுக்கு இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது.

அப்போது சிவப்பு விளக்குக்காகப் பேருந்து நின்றது. ஓட்டுநர் ரூனே தம் பக்கத்துப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடியின் முன் வைத்தார். அது ஒரு கல்லறை மெழுகுவர்த்தி.

"என் தம்பிக்கு," என்றார். "நீங்க எல்லாம் அங்காடிக்குள்ள போனதும் எங்கயாவது ஏத்தலாம்னு இருந்தேன்."

"அடப்பாவி, நீயுமா?" என்றார் தாக்மார். தம் கைப்பையிலிருந்து இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்தார். "நான் ஒருத்திதான் இப்படிக் கிறுக்கு மாதிரி தூக்கிட்டு அலையறேன்னு நினைச்சேன். ஒண்ணு என் வீட்டுக்காரருக்கு. இன்னொண்ணும் அவருக்குத்தான். மனுஷனுக்கு இருட்டுன்னா பயம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பைகள் திறக்கும் ஓசை கேட்டது. காலுறைக்குள் சுற்றிய மெழுகுவர்த்தி, ரொட்டிப் பெட்டிக்குள் ஒளிந்த மெழுகுவர்த்தி, மேலங்கிப் பையிலிருந்து மெழுகுவர்த்தி. ஊரிலிருந்து புறப்பட்டது முதல் ஒவ்வொருவரும் பிறருக்குத் தொந்தரவு ஆகிவிடுமே என்று எண்ணி, சத்தமில்லாமல் அவற்றைச் சுமந்து வந்திருக்கிறார்கள்.

சிக்னே அம்மாவைப் பார்த்தாள். லிஸ்பெத் வழிகாட்டிக் கொடியை வைத்திருந்த பையிலிருந்து ஒன்றை மெல்ல வெளியே எடுத்தாள்.

"அம்மா, நீயும் தாத்தாவுக்கா?"

"வேலை நேரத்துல சொந்த விஷயம் எதுக்குன்னு இருந்துட்டேன்." லிஸ்பெத் மைக்கை வாங்கிக்கொண்டாள். "யாருக்காவது அங்காடி பாத்தே ஆகணுமா?"

"மீனை நாங்க ஊர்லயே பாத்துக்கறோம்," என்றார் தாக்மார். "வண்டியைத் திருப்பு ரூனே."

"கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்கு," என்றாள் சிக்னே.

கடலோரக் கல்லறைத் தோட்டத்தை அவர்கள் அடைந்தபோது இருள் சூழ்ந்திருந்தது. பைன் மரங்களின் கீழே, கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் சின்னஞ்சிறு சுடர்கள். விண்மீன்கள் இறங்கிவந்து கல்லறைக்கு ஒன்றாகக் காவல் இருப்பதுபோல் தோன்றியது. வேற்றூரில் துயில்வோருக்காக விளக்கேற்றவென்று அங்கே ஒரு பெரிய சிலுவை உண்டு. பயணிகள் அதை நோக்கி நடந்தார்கள்.

எய்னோ மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. துணிப்பையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

"வாசல்வரைக்கும் வந்துட்டோம் எய்னோ."

"எங்கம்மாகிட்ட என்ன பேசறது சிக்னே? எனக்கு இந்த ஊர் மொழியே மறந்துபோச்சு."

"ஒண்ணும் பேச வேண்டாம். விளக்கு ஏத்தறதுக்கு மொழி எதுக்கு? வாங்க, எனக்குத் துணைக்கு வாங்க. எனக்கு இருட்டுல தனியா நடக்கப் பயம்."

அவளுக்கு இருட்டு ஒன்றும் பயமில்லை. எய்னோவுக்கும் அது தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாயிலில் இருந்த காவல்காரப் பெண்ணிடம் எய்னோ தம் தாயின் பெயரைச் சொன்னார்: "ஹில்யா." பிறகு குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெண் உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து, கைவிளக்கோடு அவர்களுக்கு முன்னே நடந்தாள்.

மதிலோரத்தில், அலையோசை கேட்கும் இடத்தில், ஒரு சிறிய கல் இருந்தது. சுற்றிலும் எல்லாக் கற்களின் முன்னும் ஒளி இருந்தது. இதன்முன் மட்டும் இல்லை. எய்னோ மண்டியிட்டு, ஈர இலைகளை விரல்களால் ஒவ்வொன்றாக விலக்கினார். பாசியைத் துடைத்தார். பெயர் தெரிந்தது. சிக்னே தன் இரு உள்ளங்கைகளையும் குவித்துக் காற்றை மறைத்தாள். அவர் தீக்குச்சியைக் கிழித்தார். திரி தயங்கியது, பற்றியது, நிமிர்ந்து நின்றது.

"வந்துட்டேன்மா," என்றார் சுவீடன் மொழியில்.

தொப்பியைக் கழற்றி, தலை தாழ்த்தி, கைகளைக் கோத்துக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. சிக்னேயும் அருகே மண்டியிட்டு, கண்களை மூடித் தாத்தா ஆர்விட்டுக்காகவும், தான் பார்த்தே இராத ஹில்யாவுக்காகவும் வேண்டிக்கொண்டாள். பேருந்துக்குத் திரும்பியவர்களில் எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எழும்போது எய்னோ தம் குளிர்ந்த கையை அவள் தலைமேல் வைத்தார்.

"நீ போற இடமெல்லாம் உனக்கு முன்னால வெளிச்சம் போகட்டும். உன்னை நினைச்சுக்கிட்டு ஒரு வீட்டுல எப்பவும் விளக்கு எரியட்டும். நல்லா இரு, குழந்தை."