இரண்டாவது ஓலை

ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ்களின் ஹாரன் சத்தம் கொஞ்சம் அடங்கும். ஆனால் ஜூலியின் வீட்டில் அன்று விடிந்ததுமே அழுகைச் சத்தம்!

"நான் சர்ச்சுக்கு வரல. போன வாரம் பட்ட அசிங்கம் போதும்மா!"

மகள் ஜாஸ்மின் கட்டிலை விட்டு எழவில்லை. அவளுக்கும் வாலாஜாபாத் அமலனுக்கும் நிச்சயமாகியிருந்தது. சபை வழக்கப்படி மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஓலையை எழுதி வாசித்தவர் சபைச் செயலாளர் ஜெபதாஸ், ஜூலியின் கணவர் யாக்கோபின் சொந்த அண்ணன். 'யாக்கோபு, ஜூலி தம்பதியரின் வளர்ப்பு மகள்' என்று அத்தனை பேர் முன்னால் வாசித்துவிட்டார். தத்தெடுத்த பிள்ளை என்பது ஊருக்கும் தெரியும், ஜாஸ்மினுக்கும் தெரியும். அதற்காக மைக்கிலா சொல்வார்கள்?

"ஏம்மா... உனக்குப் புள்ள பொறக்காதுன்னு டாக்டர் சொன்னதாலதானே என்ன எடுத்தே? உனக்குன்னு ஒண்ணு பொறந்திருந்தா, நான் எங்கியோ கெடந்திருப்பேன் இல்ல?"

ஜூலி, 'மலடி' என்று இருபத்து நாலு வருஷமாகச் சொந்தபந்தம் பேசியதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டவள்தான். பிள்ளை வாயால் கேட்டபோது தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜெபதாஸ் வந்து நின்றார். கையில் இரண்டாவது ஓலை.

"இன்னா, இன்னும் கெளம்பலியா? உள்ளத உள்ளபடிதான் எழுதணும் ஜூலி. ஆண்டவர் சந்நிதியில பொய் வாசிக்க முடியுமா?"

அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டாத ஜூலி, அன்று நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, வெள்ளிக்கெழம ஜெபக்கூட்டத்துல நீங்கதானே பேசுனீங்க? நாம பொறக்கறதுக்கு முன்னாடியே ஆண்டவர் நம்மள முன்குறிச்சுட்டாரு, சுவிகாரப் புள்ளைங்களா தத்து எடுத்துக்கினாருன்னு? அப்போ பரலோகத்துல உங்க பேர எப்டி வாசிப்பாங்க? வளர்ப்பு மகன் ஜெபதாஸ்னா?"

ஜெபதாஸ் கையிலிருந்த ஓலையை மடித்தார்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. எனக்குப் புள்ள பொறக்காதுன்னு எந்த டாக்டரும் சொல்லல! கல்யாணமாகி நாலே மாசம். என்கூட கம்பெனி லைன்ல வேல செஞ்ச பொண்ணு ஏழு மாச வயித்தோட, கேக்க நாதியில்லாம, ஆஸ்பத்திரியில உசுர கையில புடிச்சுக்கினு கெடந்தா. அவ வயித்து மேல கைய வெச்சு, 'இது என் புள்ள'ன்னு சொல்லிட்டேன். ஆணா பொண்ணா, கறுப்பா செவப்பா... எதுவும் தெரியாது மாமா! புதுசா கட்டிக்கினு வந்தவ தத்தெடுக்கறேன்னா உங்கம்மா ஒத்துக்குவாங்களா? அதான் டாக்டர் சொன்னாருன்னு பொய் சொன்னேன். அப்புறம் நெசமாவே பொறக்கல... அது ஆண்டவரு சித்தம்."

ஜூலியின் பின்னால் நின்ற யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டார். "நெசம்தாண்ணா. எனக்குத் தெரியும். எல்லாரும் அவள அந்தப் பேச்சுப் பேசுனப்போகூட நான் வாயத் தொறக்கல... பாவி!"

ஜாஸ்மின் எழுந்து வந்தாள். "அப்போ... புள்ள இல்லாத கொறைக்கு என்ன எடுக்கலியாம்மா?"

"கொறையா? உனக்காகத்தான்டி அந்தக் கொறையவே நான் வாங்கிக்கினேன்!"

"அம்மா..." என்று மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள். ஜெபதாஸ் ஓலையோடு படியிறங்கிப் போய்விட்டார்.

ஆராதனை முடியும் நேரம். ஜெபதாஸ் மைக் முன்னால் வந்தார்.

"போன வாரம் வாசிச்ச ஓலையில பிழை இருக்கு. எழுதினவன் பிழை..." ஓலையைப் பிரித்து வாசித்தார். "யாக்கோபு, ஜூலி தம்பதியரின் ஏக குமாரத்தி ஜாஸ்மினுக்கும்..."

வாசித்து முடித்து, "இதற்குத் தடை சொல்பவர்கள் யாராவது உண்டா?" என்று வழக்கம்போல் கேட்டார். கேட்டுவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பி ஜூலியையே பார்த்தபடி நின்றார்.

மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று ஜூலி தலையசைத்தாள்.