பால் காய்ச்சிய இடம்

கிளிஞ்சல் பொறுக்கப் போன வெண்மதி திரும்பி வரும்போது, வண்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையிலேயே, வெறும் மணலில் நின்று செருப்பைக் கழற்றினாள். கழற்றிய இரண்டையும் ஒன்றுசேர்த்து ஓரமாக வைத்தாள். பிறகு அங்கே ஏதோ உயரமாக இருப்பது போலக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டி, வெறுங்காலோடு வண்டியைப் பார்த்து நடந்து வந்தாள்.

சந்திரலேகா வண்டிப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, எதையாவது விளையாடும். அப்படித்தான் முதலில் நினைத்தாள்.

“செருப்ப ஏன்டி அங்க வுட்டுட்டு வர?”

“வாசப்படிம்மா அது. செருப்போட உள்ள வரக் கூடாதுல்ல.”

“வாசப்படி எங்கடி இருக்கு?”

வெண்மதி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பாய் என்பது போல அம்மாவைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த கிளிஞ்சல்களைக் கொட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

இந்த வண்டி சேரனுடைய ஆசை. சிப்காட் பக்கம் ஒரு ஷெட்டில் லாரிகளுக்கு பாடி கட்டுகிறவன் அவன். பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அறுத்து, ஒட்டி, கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று எல்லாம் வைத்து ஒரு வீடாகவே ஆக்கிவிட்டான். கடலூர் முதுநகரில் அவர்கள் தெருவே திரண்டு வந்து ஏறி இறங்கிப் பார்த்தது. பொங்கல் லீவுக்குக் கன்னியாகுமரி வரைக்கும் போகப்போகிறோம், லாட்ஜ் கீட்ஜ் கிடையாது, எங்கே பிடிக்கிறதோ அங்கே நிறுத்திப் படுத்துக்கொள்வோம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி பழகிப் பார்க்கலாம் என்றுதான், சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் முடித்த கையோடு, கிள்ளையைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் புகுந்து, ஆள் அரவமில்லாத இந்தக் கடலோரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

சந்திரலேகா ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்தவள் வெண்மதி. “புள்ளைக்கு மட்டும் ஒண்ணுன்னா நான் உங்கள சும்மா வுட மாட்டேன் மாமா” என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். “அப்ப எனக்கு ஒண்ணுன்னா பரவால்லயா” என்று அவன் சிரித்தான்.

சந்திரலேகா செருப்பை எடுத்துவரப் போனாள். குனிந்தவளின் விரல் மணலுக்கடியில் எதிலோ இடித்தது. கையால் தள்ளிப் பார்த்தாள். சிவப்புச் சிமெண்ட். வழவழவென்று, எத்தனையோ வருஷம் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து மெருகேறின தரை. தள்ளத் தள்ள அது வண்டிப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. பின் சக்கரத்தை ஒட்டி ஒரு ஆட்டுக்கல், தரையோடு தரையாகப் பதித்தது. குழவியைக் காணோம். குழியில் மணல் நிரம்பியிருந்தது.

செருப்பை எடுக்க வந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

“மாமா. இது வீடு.”

சேரன் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினான். முகத்தில் மாட்டிக்கொண்ட களை இருந்தது.

“வீடு இல்லடி, வெறும் தர. சுனாமில செவுரெல்லாம் போயிடுச்சு. அஞ்சு வருஷமாவுது. இங்க இருந்த ஆளுங்களுக்கெல்லாம் உள்ள தள்ளி காலனி கட்டிக் குடுத்துட்டாங்க.”

“எல்லாருக்குமா?”

“இருந்தவங்களுக்கு” என்றான் அவன்.

அவள் எழுந்து கையிலிருந்த மணலைத் தட்டினாள்.

“சுத்தி பொத மணலு லேகா. வண்டி எறங்கிடுச்சுன்னா இங்க யாரு வந்து தூக்குவா. போன வாரம் வந்து பாத்துட்டுதான் போனேன், இது ஒண்ணுதான் கெட்டி. உள்ள போயிப் பாரு, டம்ளர்ல தண்ணி வெச்சா ஆடல.”

உண்மைதான். தண்ணீர் ஆடவில்லை. திரும்பிப் போகலாம் என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் தோப்பு இருட்டிவிட்டது. வந்த தடமே கண்ணுக்குத் தெரியவில்லை. செல்போனில் டவர் இல்லை. விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு பண்ணினார்கள்.

சரி, தங்குவதென்று ஆகிவிட்டது. புது வீட்டில் பால் காய்ச்சாமல் படுக்கலாமா? சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினதோடு வண்டிக்கு எல்லாம் முடிந்தது என்பது சேரன் கட்சி. அது வண்டிக்கு, அடுப்பு வைத்திருக்கிற வீட்டுக்கு அது போதாது என்பது சந்திரலேகா கட்சி. புவனகிரியில் அம்மா வீட்டிலிருந்து தூக்குவாளியில் கறந்த பால் வாங்கி வந்திருந்தாள். சொல்லப்போனால் அவளுக்கு இருந்த கலக்கத்துக்கு, வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தால் தேவலை போலிருந்தது. புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டி, பொட்டு வைத்து, சாமியைக் கும்பிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பால் நுரைத்து, விளிம்பில் தயங்கி, பொங்கி வழிந்தது. வழிந்த பால் தொட்டிப் பக்கம் போகாமல், ஆடாமல் அசையாமல் மட்டமாக நிற்கிற அந்த வண்டிக்குள், கதவைப் பார்த்து ஓடிற்று.

“மொத டம்ளரு வந்தவங்களுக்குக் குடுக்கணும்” என்றாள். “இங்க யாரு வருவா.”

“கூப்ட்டாதான வருவாங்க” என்று சேரன் எழுந்து கதவைத் திறந்தான். ஊரில் யார் வீட்டுப் பால் காய்ச்சுவதானாலும் வாசலில் நின்று எல்லோரையும் கூப்பிடுகிறவன் அவன்தான். அதே குரலில், கையைக் கூப்பிக்கொண்டு, இருட்டைப் பார்த்துச் சொன்னான். “வாங்க வாங்க, புது வீடு, பால் பொங்கிடுச்சு. எல்லாரும் குடும்பத்தோட உள்ள வாங்க.”

வெண்மதி கைகொட்டிச் சிரித்தாள்.

சந்திரலேகா சிரிக்கவில்லை. அவன் சொல்லி முடித்ததும் சவுக்குத் தோப்பில் அதுவரை இரைந்துகொண்டிருந்த பூச்சிகள் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். அலைச் சத்தம் மட்டும் இருந்தது. அதுவும் கொஞ்சம் கிட்டத்தில் வந்தாற்போல.

“கதவ மூடுங்க மாமா.”

முதல் டம்ளரைச் சாமிக்கென்று அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். மற்ற டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். வெண்மதியைக் கட்டிலின் உள்பக்கம் ஜன்னலோரமாகப் படுக்க வைத்து, நடுவில் தான் படுத்து, பிள்ளை மேலே கையைப் போட்டுக்கொண்டாள். சேரன் படுத்ததும் குறட்டை விட்டான்.

அவள் எப்போது கண்ணயர்ந்தாளோ, விழிக்க வைத்தது ஒரு அசைவு. இந்த வண்டி அசைகிற விதம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சேரன் படியில் கால் வைத்தால் ஸ்பிரிங் பட்டை முனகி, வண்டி கதவுப் பக்கம் லேசாகச் சாய்ந்து, அவன் உள்ளே வந்ததும் நிமிரும். இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். இப்போது வண்டி கதவுப் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது.

சேரன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கதவில் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

திரும்பவும் சாய்ந்தது. இது கொஞ்சம் லேசு. வயசானவர்கள் ஏறுவது போல, இரு தவணையாக. நிமிர்ந்தது. திரும்பவும். திரும்பவும். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தாலும், வண்டி மொத்தமாகக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தடுப்பே இல்லை, ஆனால் ஜன்னல் வழியாக வந்த கொஞ்சநஞ்ச நிலா வெளிச்சம் அங்கே தரைக்கு வந்து சேரவில்லை. வாசனை வந்தது. சேறும், உப்பும், நாட்கணக்காகத் தண்ணீரில் கிடந்த துணியும். அதற்குள்ளே, அரைத்து வைத்த இட்லி மாவின் வாசனை.

கடைசியாக ஒரு அசைவு. மிகச் சிறியது. வெண்மதி தாவி ஏறினால் எவ்வளவு அசையுமோ அவ்வளவு.

வெண்மதி தூக்கத்திலேயே புரண்டாள். ஜன்னலோரமாக இன்னும் ஒட்டிப் படுத்தாள். சந்திரலேகாவின் கையை எடுத்துத் தள்ளினாள்.

“தள்ளிப் படும்மா. எடம் பத்தல அவளுக்கு.”

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே போர்வை மெல்ல உயர்ந்தது.

சந்திரலேகாவின் முழங்கையில் ஈரம் பட்டது. சில்லென்று. மணலோடு.

அவள் கத்தவில்லை. கத்தினால் பிள்ளை விழித்துப் பார்த்துவிடும். காலால் சேரனை உதைத்தாள். உதைத்த வேகத்தில் போர்வைக்கு மேலாக வெண்மதியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“வண்டிய எடுங்க.”

“என்னாடி?”

“எடுங்க மாமா. பின்னாடி திரும்பாம எடுங்க.”

அவள் குரலைக் கேட்டதும் அவன் ஏனென்று கேட்கவில்லை. டிரைவர் சீட்டில் தாவி உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்தது. கியர் போட்டான். ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்ஜின் திணறியதே ஒழிய வண்டி நகரவில்லை.

“மணலா?”

“மணலு இல்ல.” சேரன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். “லோடு.”

பின்னால் ஒரு டம்ளர் தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. வண்டிக்கடியில், சக்கரத்தை ஒட்டி, கல்லோடு கல் உராய்ந்தது. நிதானமாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. விடிந்தால் பலகாரத்துக்கு வேண்டுமே என்பது போல.

அவர்கள் கிளம்பப்போவதில்லை. அழைத்ததற்கு வந்தவர்கள். யாரும் வழியனுப்பவில்லை.

அது சந்திரலேகாவுக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டுக்கு வந்த ஜனத்தை எப்படி அனுப்ப வேண்டுமோ அப்படி அனுப்ப வேண்டும். குங்குமச் சிமிழ் பக்கத்துத் தட்டிலேயே இருந்தது. பிள்ளையின் முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிமிழைத் திறந்து பின்பக்கமாக நீட்டினாள்.

“ரொம்ப சந்தோஷங்க. எல்லாரும் வந்ததுல. குங்குமம் எடுத்துக்குங்க.”

ஈர விரல் ஒன்று சிமிழைத் தொட்டது.

“நேரமாவுது. பாத்துப் போயிட்டு வாங்க.”

அசைவில்லை. யாரோ இன்னும் எதற்கோ காத்திருந்தார்கள்.

விருந்தாளியை அனுப்பும்போது சொல்கிற எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு தவிப்பு. வாய் தானாக ஓடிற்று. பதினாலு வருஷமாக வாசலில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

“இங்க ஒண்ணுமே சரியா கவனிக்க முடியல. ஒரு நாள் சாவகாசமா நம்ம வீட்டுக்கு வாங்க. முதுநகர்லதான். புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க.”

சேரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புரிவதற்குள், வண்டி கதவுப் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. சாய்ந்தது. நிமிர்ந்தது. ஒவ்வொருவராக. கடைசியில் அந்தச் சின்ன அசைவு. வண்டி லேசாகி, ஒரு குலுக்குக் குலுக்கித் தரையை விட்டு ஓடிற்று.

சவுக்குக் கிளைகள் இரண்டு பக்கமும் கீறின. கிள்ளை வந்தது. சிதம்பரம் வந்தது. கோபுரத்து விளக்கைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சிப்காட் விளக்குகளைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. வெண்மதி தோளில் சூடாக, கனமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சந்திரலேகா அவள் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே வந்தாள். வெறுங்கால். செருப்பு அங்கேயே கிடக்கிறது. கிடந்துவிட்டுப் போகட்டும்.

முதுநகரில் தெரு இன்னும் விழிக்கவில்லை. வீடு பூட்டியபடியே இருந்தது. பித்தளைப் பூட்டு, தொங்கியபடி. அவள் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சேரன் பின்னால் வந்தான்.

படிக்குப் பக்கத்தில் வெண்மதியின் சிவப்புச் செருப்பு இருந்தது. இரண்டும் ஒன்றுசேர்த்து, ஓரமாக.

அதன் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு ஜோடி. வார் அறுந்து, சிப்பி ஒட்டியது. அதற்குப் பக்கத்தில் பெரியவர்களின் செருப்புகள். ஒரு ஆண் செருப்பு. ஒற்றையாக ஒரு கிழவரின் செருப்பு. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

பூட்டின வீட்டுக்குள் கல் சுற்றுகிற சத்தம்.

சந்திரலேகாவின் தோளிலிருந்து வெண்மதி தலையைத் தூக்கினாள். சிரித்தாள். இறங்க வேண்டும் என்று காலை உதைத்தாள்.

கல் நின்றது. உள்ளேயிருந்து, கதவுக்கு மிகக் கிட்டத்தில், தண்ணீர் நிறைந்த தொண்டையோடு ஒரு பெண் குரல் பிரியமாகச் சொன்னது.

“வாங்க வாங்க. பால் பொங்கிடுச்சு.”

கதவின் அடியிலிருந்து வெள்ளையாக, மணலோடு, பால் வழிந்து வந்தது. படியில் இறங்கி, செருப்புகளுக்கு நடுவே புகுந்து, அவள் காலைப் பார்த்து வந்தது.