டாக்டரின் சிவப்புக் கண்ணாடி

காலையில் மாற்றிய வயிற்றுக் கட்டு பத்து மணிக்கெல்லாம் ஈரமாகிவிட்டது. கோதண்டம் போர்வைக்குள் கையை விட்டுத் தடவினான். விரலில் கஞ்சித் தண்ணீரில் குங்குமம் கலந்ததுபோல் ஒரு சிவப்பு. மோந்தால் புளித்த வாடை.

பட்டாபிராம் ரயில் சைடிங்கில் பட்டாளத்து மூட்டை தூக்குகிறவன் அவன். வயிற்றுப் புண் ஓட்டையாகி, யுத்தத்துக்காகப் போட்ட கொட்டகை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து ஆறு நாள் ஆகிறது. அங்கே வார்டு வேலை பார்க்கும் வேம்புலி, கோதண்டத்தின் பெண்சாதி அங்கம்மாவின் அண்ணன். "நான் கீறேன்ல, இன்னாத்துக்கு பயப்படுறே மாப்ளே?" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் கோதண்டம் ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தான்.

அறுத்த மூன்றாம் நாள், இரண்டு பேர் தூக்க வேண்டிய கோதண்டத்தை வேம்புலி ஒற்றை ஆளாகத் தூக்கி, கைநழுவவிட்டான். பிடிக்கப் பார்த்த அவசரத்தில் அவன் வலது கை தையல்மேலேயே ஊன்றியது. ஆள்காட்டி விரலில் நுனி இல்லாத கை. உள்ளே நூல் அறுந்ததுபோல் ஒரு சத்தம்.

"டாக்டராண்ட சொல்லிடாதே மாப்ளே, என் வேலை பூடும்" என்று அழுதான். அங்கம்மாவை நினைத்துக் கோதண்டம் வாயை மூடிக்கொண்டான். இப்போது அந்தப் பாழாய்ப்போன வாயை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

காய்ச்சல் இறங்கவில்லை. தையல் கசிகிறதா என்று பார்க்க வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே பார்ப்பார்களாம். கட்டுத் துணியிலேயே சிவப்பு கண்டால் மட்டும் மருந்து கூடாது, நேரே மறுபடி மேஜைதான். ஓட்டை வழியாக மருந்து இரைப்பைக்கு வெளியே இறங்கிவிட்டால் அப்புறம் ஆள் பிழைக்கிறது கஷ்டம்.

டாக்டர் வந்தார். பட்டப்பகலில் கண்ணில் சிவப்புக் கண்ணாடி. எக்ஸ்ரே பார்க்கும் இருட்டறைக்குக் கண்ணைப் பழக்க அரை மணி நேரமாவது போட்டிருக்க வேண்டுமாம். "அதைப் போட்டா செவப்பே தெரியாது. அவருக்குத் தக்காளியும் பூண்டும் ஒண்ணுதான்" என்று போன வாரம் சொல்லிச் சிரித்தவனே வேம்புலிதான்.

"ஐயா, செவப்பா கசியுது" என்றான் கோதண்டம்.

டாக்டர் போர்வையை விலக்கினார். "எனக்கு இதில் தெரியாது. வேம்புலி, நீ பார்த்துச் சொல்."

வேம்புலி குனிந்து பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"வேர்வை ஈரம் சார். செவப்பு இல்ல."

"மச்சான்..." என்றான் கோதண்டம். வேம்புலி நிமிரவில்லை. கூடப் பிறந்தவனாக நினைத்திருந்தானே, பாவி! டாக்டர், பயத்தில் உளறாதே என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருட்டறையில் ரப்பர் நாற்றம். எங்கோ இயந்திரம் உறுமியது. வேம்புலி கோப்பையை வாயில் வைத்து அழுத்தினான். சுண்ணாம்புக் குழம்பு தொண்டையில் ஜில்லென்று இறங்கியது. கோதண்டம் பல்லைக் கடித்தான். முடியவில்லை. விழுங்கினான்.

நெஞ்சுக்கு நேராக நின்ற திரையில் பச்சை வெளிச்சம் எழுந்தது. திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. சிவப்பைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியில் கோதண்டம் தன் வயிற்றின் பிம்பத்தைப் பார்த்தான். குடித்தது வெள்ளை. தெரிந்தது கறுப்பு. கோடாக இறங்கியது. தையலிடம் நின்றது. பக்கவாட்டில் கசிந்தது.

ஒரு கிளை. இன்னொன்று. மூன்று. நான்கு. ஐந்து.

"வேம்புலி, குறுக்கே கையை வைக்காதே. எடு."

"நான் வாசலாண்ட கீறேன் சார்." குரல் பின்னாலிருந்து வந்தது. "ரெண்டு கையும் கோப்பையில கீது."

டாக்டர் திரையை நோக்கி இன்னும் குனிந்தார்.

அவர் கண்ணாடியில் ஒரு கறுப்புக் கை விரிந்திருந்தது. ஆள்காட்டி விரலில் நுனி இல்லை.

மெல்ல மடங்கியது. கோதண்டத்தின் தையலை உள்ளேயிருந்து பிடித்தது.