கட்டைவிரல் இருட்டு

மகளின் தலைமுடியில் டீசல் வாசனை அடித்தது.

தன் கையிலிருந்துதான் வருகிறது என்று முதலில் நினைத்தான். கப்பலின் எஞ்சின் அறையில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அந்த வாசனை தோலோடு ஒட்டிப்போன ஒன்று. ஆனால் வேலை முடிந்து வீட்டோடு வந்து மாதங்கள் ஆகிவிட்டன, குழந்தை முகம் சுளிக்கக் கூடாதே என்று நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலே வெளுத்துவிட்டது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனான். சோப்பு வாசனைதான். மறுபடி குனிந்தான். இப்போதுதான் குளித்து ஈரம்கூடக் காயாத அவள் உச்சந்தலையிலிருந்து, சூடான இரும்பும் பழைய எண்ணெயும் கலந்த அந்த நெடி, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் காற்றைப் போலக் கனமாக எழுந்து வந்தது.

அவன் மூச்சு பட்டதும் அவள் நாற்காலியின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

கன்னம் இரண்டும் உப்பலாக இருப்பதால் வீட்டில் அவளுக்கு உருண்டை என்று பெயர். வைத்தவன் அவன்தான், நடுக்கடலில் இருந்தபடி, அவளைத் திரையில் முதல்முதலாகப் பார்த்த அன்று. அவள் தவழ்ந்தது, நடந்தது, விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டது எல்லாமே அவனுக்குத் திரையில்தான் நடந்தன. சாயங்காலமானால் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜக்கின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைப்பாள் மனைவி. அங்கே கேபினில், கட்டில் மேல் சம்மணம் போட்டு அவனும் தட்டோடு உட்காருவான். அப்பாவுக்கு ஒரு வாய், உருண்டைக்கு ஒரு வாய் என்று அவன் வாயைத் திறந்தால்தான் குழந்தையும் திறக்கும். அப்படித்தான் அது சாப்பிடவே கற்றுக்கொண்டது.

முடிக்கும்போதுதான் வம்பு. படம் மறைந்ததும் வீடே அதிரும்படி அழுவாள். அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அழைப்பைத் துண்டிக்காமல், "இருட்டாயிடுச்சு, தூங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரலைக் கேமராவின் மேல் மெதுவாக வைத்து மூடிவிடுவான். விளக்கு வெளிச்சம் விரலின் சதைக்குள் ஊடுருவி, திரை முழுக்கச் சிவந்த ஓர் இருட்டு பரவும். விரலின் குறுக்கே இருந்த பழைய வெட்டுத் தழும்பு அதில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தபடியே அவள் கண் சொக்கிப்போவாள். அழைப்பை மனைவி துண்டித்துக்கொள்வாள் என்று அவன் விட்டுவிடுவான். சிவப்புப் பொத்தானைத் தானே அழுத்த அவனுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

கப்பலுக்கு வயதாகிவிட்டது, உடைக்க அனுப்புகிறோம் என்று கம்பெனி எல்லாரையும் இறக்கிவிட்டபோது அவன் சந்தோஷப்பட்டான். இனி மடியில் வைத்து ஊட்டலாம். ஆனால் வாசலில் அவனைப் பார்த்த உருண்டை அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். சில நாள் கழித்து அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். டேப்லெட்டில் இருப்பது சின்ன அப்பா, வீட்டுக்கு வந்திருப்பது பெரிய அப்பா.

"பெத்த அப்பாவையே பெரியப்பா ஆக்கிட்டாளே," என்று மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

திரை கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவாள் என்று டேப்லெட்டை அலமாரியில் மடித்த போர்வைகளுக்கு அடியில் வைத்தது அவன்தான். சார்ஜரையும் தனியாக ஒளித்து வைத்தான். கொஞ்ச நாள் ரகளை செய்தாள். பிறகு ஓய்ந்தாள். ஓய்ந்ததைப் பார்த்து அவன் நிம்மதி அடைந்ததுதான் தப்பு.

மனைவி பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அன்று மாலை ஷிஃப்ட். கிளம்பும்போது, "ஊட்டறப்ப கெஞ்சாதீங்க. கெஞ்சினா தலையில ஏறி உக்காந்துக்குவா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது.

அவன் கரண்டியை நீட்டினான். உருண்டை அவனைப் பார்க்கவில்லை. ஜக்கைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூடினாள். மென்றாள், விழுங்கினாள். கரண்டி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"யாரும்மா ஊட்டறா?"

"சின்ன அப்பா."

"டேப்தான் இல்லியே, கண்ணு."

"இருக்கே," என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கிப் படுக்கையறைக்குப் போனாள்.

கிண்ணத்தைக் கழுவப் போட்டுவிட்டு அவன் அப்படியே நின்றான். ஜன்னல் தகரத்தில் மழை தடதடத்துக்கொண்டிருந்தது, ஃப்ரிட்ஜ் முனகியது, பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள், இவை எல்லாவற்றுக்கும் அடியில், காதுக்கு எட்டும் முன்பே குதிகால் வழியாக ஏறிவந்தது இன்னோர் ஓசை. சீரான உறுமல். நடுநடுவே ஒரு துடிப்பு தவறி, தடுக்கி, மறுபடி ஓடும் உறுமல். அவனுக்கு அதைத் தெரியும். அது இரண்டாவது ஜெனரேட்டர். எண்ணெய் வால்வு ஒன்றை மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசிவரை மாற்றாமலே இறங்கி வந்திருந்தான். வருடக்கணக்காக அதற்கு நேர் மேலே இருந்த கேபினில்தான் படுத்துத் தூங்கினான்.

அந்த ஜெனரேட்டரைக் கப்பலோடு சேர்த்து வெட்டி இரும்பு விலைக்குப் போட்டாயிற்று.

படுக்கையறையில் விளக்கு இல்லை. கட்டிலில் போர்வை கூடாரம்போல எழும்பி நின்றது. அதற்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம். போர்வையை விலக்கினான். குழந்தையின் மடியில் டேப்லெட். மாதக்கணக்கில் சார்ஜ் போடாத டேப்லெட். திரை முழுக்கச் சிவந்த இருட்டு, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. மூலையில், அழைப்பு எவ்வளவு நேரமாக நடக்கிறது என்று காட்டும் எண்கள், இடம் போதாமல் நெருக்கியடித்து ஓடிக்கொண்டிருந்தன.

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். தழும்பு அங்கேயேதான் இருந்தது.

ஹாலுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டான். கதவு வழியாகக் குழந்தையின் மேல் ஒரு கண் வைத்திருந்தான்.

"கப்பல்லேர்ந்து கடைசியா பேசினேனே, அந்த வீடியோ காலை யாரு கட் பண்ணா?"

"இப்ப எதுக்கு அது? நீங்கதான்."

"நான் பண்ணல. படகு வந்துடுச்சுன்னு கத்தினாங்க. போனைத் தலகாணி மேல போட்டுட்டு ஓடினேன். எடுக்கவே மறந்துட்டேன்."

கண்ணாடிக் குழாய்கள் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"நானும் பண்ணலைங்க," என்றாள். "என்னிக்குமே பண்ணினதில்ல. உங்க மூச்சுச் சத்தம் கேட்டாதான் அவ தூங்குவா. அப்படியே வச்சிடுவேன். சிக்னல் போய்த் தானா கட்டாயிடும்."



"கிளம்பி வா," என்றான்.

திரும்பி வந்து டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பியபோது, திரையை மூடியிருந்த விரல் நகர்ந்திருந்தது. வட்ட ஜன்னல். சுவரில் அவனுக்குப் பழக்கமான ஈரக்கறை. கட்டிலில் சம்மணம் போட்டு, எண்ணெய்க் கறை படிந்த நீல உடுப்போடு அவனே உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், தாடி மண்டிப்போய். மடியில் காலித் தட்டு.

"உருண்டையைக் காட்டு," என்றது அந்த முகம். பேசும் பழக்கமே விட்டுப்போன குரல். அவனுடைய குரல். "ஒரே ஒரு தடவை. தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு உக்காந்துதான் இருக்கேன்."

பயத்துக்கு முன்னால் அவனுக்கு இரக்கம்தான் வந்தது. அந்தப் பசி எப்படிப்பட்டது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கட்டிலில் அப்படித்தான் இத்தனை வருடம் காத்துக் கிடந்தான்.

"சின்ன அப்பா அழறாங்க," என்றாள் உருண்டை.

"அது அப்பா இல்லடா தங்கம். நான்தான் அப்பா."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். விட்டுவிட்டாள்.

"உங்ககிட்ட வாசனை இல்ல."

அவன் டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். பாத்திரம் கழுவும் தொட்டி நிறையத் தண்ணீர். சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தான். அழுத்து. விரல் அழுத்தவில்லை. சரி, முக்கிவிடு. முக்கினால் எல்லாம் முடிந்தது. டேப்லெட்டின் ஓரம் தண்ணீரைத் தொட்டது.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

உருண்டையின் சிரிப்பு. படுக்கையறையிலிருந்து அல்ல. கையிலிருந்து.

திரையைப் பார்க்கவில்லை. முதலில் ஓடினான். போர்வை, தட்டையாக. கட்டிலுக்கடியில் இல்லை. அலமாரியில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. கட்டிலருகே அவளுடைய செருப்பு, ஜோடியாக.

அப்புறம்தான் பார்த்தான்.

வட்ட ஜன்னல். ஈரக்கறை. நீல உடுப்பின் மடியில் உருண்டை, வெறுங்காலோடு. முதுகை அந்த மார்பில் சாய்த்து. தலைமுடி இன்னும் ஈரமாக.

ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் திரையில் இறங்கியது. சட்டையால் துடைத்தான். கண்ணாடியைத் துடைக்கும்போது பொத்தானில் படக் கூடாது. படவே கூடாது. மேல் மூலையில் பேட்டரி சிவப்பாக மின்னியது. சார்ஜர். ஒளித்து வைத்தவன் அவன்தான். எங்கே? டிராயரில் இல்லை. பெட்டியில் இல்லை. தன் பழைய கப்பல் பையைக் கவிழ்த்தான். கிடைத்தது. முனை நுழையவில்லை. மறுபடி. மறுபடி. நுழைந்தது.

மனைவி மழையில் தொப்பலாக நனைந்து வந்தபோது, டேப்லெட் மேஜையில் ஜக்கின் மேல் சாய்ந்திருந்தது. அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு திரையை. கைப்பை நழுவி விழுந்தது.

"தொடாத," என்றான். "எதையும் அழுத்திடாத."

"உருண்டை," என்றாள் அவள். "வாம்மா. அம்மா வந்துட்டேன் பாரு."

குழந்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. வாயோரம் பருக்கை ஒட்டியிருந்தது.

"சாப்டாச்சும்மா."

அவளுக்குப் பின்னாலிருந்த முகம் இவர்களைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடி, மகளின் உச்சந்தலையில் கன்னத்தை வைத்திருந்தது. அந்த முகத்தில் இருந்த நிம்மதிக்காகத்தான் அவன் வீட்டுக்கு வந்தான்.

"இருட்டாயிடுச்சு," என்றாள் உருண்டை. "தூங்கலாமா?"

மனைவி அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். திரையின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கட்டைவிரல் எழுந்து வந்து, மெதுவாக, அவன் கற்றுக்கொடுத்தபடியே மூடியது. தழும்பில்லாத சிவந்த இருட்டு. அதன் அடியில், ஒரு துடிப்பு தவறி ஓடும் உறுமல். அதற்கும் அடியில், ஒன்றோடொன்று சேர்ந்து ஆழமாகிக்கொண்டே போகும் இரண்டு மூச்சுகள்.