மகேஸ்வரியின் ரத்தத்தில் பழைய மாத்திரை

காலை 9.20. மைசூர்ப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுப் பிரிவுக்கு அந்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதைப் படித்ததும் செவிலி யதுகிரிக்குத் திக்கென்றது.

மார்பகப் புற்றுநோய்க்கான புதிய ஹார்மோன் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு அங்கே அடுத்த மாதம் தொடங்க இருந்தது. அதில் சேருகிறவர்கள் பழைய ஹார்மோன் மாத்திரையை முன்பே நிறுத்திவிட வேண்டும். ஹனூரிலிருந்து வரும் மகேஸ்வரி நிறுத்திப் பல வாரம் ஆயிற்று என்று அவர் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ரத்தமோ, மாத்திரை இன்னும் உள்ளே போகிறது என்றது. அந்த மாத்திரைக்கு நோய் கட்டுப்படாமல் போய்விட்டது. ஆய்வில் இந்த இடமும் பறிபோனால் அந்த அம்மாள் பிழைக்கும் நம்பிக்கை குறைவு.

"பொய் சொல்றாங்க. பேரை எடுத்துடுங்க" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர் ஸுமந்த்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்கோ, டாக்டர்."

10.45. மகேஸ்வரி, கணவர் சித்தையன், மருமகள் சௌம்யா மூவரும் வந்தார்கள். சித்தையன் மாதேஸ்வரன் மலைத் திருநீற்றை எடுத்து யதுகிரிக்கும் மருமகளுக்கும் நெற்றியில் இட்டு, விரலில் மிஞ்சியதைத் தன் தொண்டைக்குழியில் தடவிக்கொண்டார். மனைவியின் வாயில் மட்டும் இன்னொரு பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டு, விரலைத் துண்டில் துடைத்தார்.

யதுகிரி மகேஸ்வரியைத் தனியே அழைத்தாள்.

"மாத்திரை எதுவும் சாப்பிட்டேளா, அம்மா?"

"மாதேஸ்வரன் சத்தியமா இல்லீங்க."

"சமையல் யாரு?"

"சௌம்யாதானுங்க. எல்லாரும் ஒரே சட்டியிலதான் திங்கறோம். என்னமோ, காலையிலேயே வாய் கசந்துபோகுதுங்க."

அடுத்து சௌம்யா. அவள் முகம் பார்க்காமல் பேசினாள்.

"மருந்துப் பெட்டி உங்கிட்டதானே?"

"ஆமா மேடம். பழைய மாத்திரை அட்டையெல்லாம் உங்க ஆஸ்பத்திரியிலேயே குடுத்தாச்சு. என்மேல சந்தேகமா? இந்த ஆராய்ச்சி வரப்போறதை நெட்டுல தேடித் தேடிக் கண்டுபிடிச்சதே நான்தான்."

மாமியாரைப் பார்த்துக்கொள்வதில் சலித்துவிட்டாளோ? அந்த நினைப்பு யதுகிரிக்கே உறுத்தியது. கெடுக்க நினைப்பவள் தேடுவானேன்?

சித்தையன் ஒரே வரியில் முடித்தார்: "எனக்கென்னங்க தெரியும்!"

மாலை 4.00. டாக்டர் ஸுமந்தின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். யதுகிரி மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, எங்களுக்கு இட்ட திருநீறு மிஞ்சினப்போ உங்க மேல பூசிண்டேள். அம்மாவுக்குப் போட்டதை மட்டும் ஏன் துடைச்சேள்? சாமி கும்பிடறவா யாரும் திருநீறைத் துண்டில துடைக்கமாட்டா. அப்போ அது வெறும் திருநீறு இல்லை. அதுல மாத்திரைப் பொடி கலந்திருக்கு. அம்மா வாய் கசக்கறதும் அதனாலதான். சோத்துல கலந்திருந்தா எல்லார் வயித்துலயும் போயிருக்கும். அவங்க வாய்க்கு மட்டும் தனியாப் போறது இது ஒண்ணுதான்."

சித்தையன் உடைந்தார்.

"ஊட்டுல நாலஞ்சு அட்டை மறைச்சு வெச்சிருந்தனுங்க. தினமும் காலையில ஒண்ணைப் பொடிச்சுத் திருநீத்துல கலந்து குடுத்தனுங்க. ஆராய்ச்சியில பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை தருவாங்கன்னு பஸ்ஸுல ஒருத்தன் சொன்னான். இத்தனை வருசம் இவளை உசுரோட வெச்ச மாத்திரையையும் நிறுத்திப்போட்டா…"

"அடப் பாவமே, மாமா!" சௌம்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இங்கே யாருக்கும் வெத்து மாத்திரை கிடையாது. பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு இப்போ வழக்கமாக் குடுக்கற வேற மருந்து" என்றாள் யதுகிரி.

மகேஸ்வரி கணவரையே பார்த்தாள். "பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லி அழுதிருக்கலாமில்லீங்க? சாமி பேருல ஏமாத்தோணுமா?"

பிரியத்தில் செய்த தப்பும் தப்புதான். ஆனால் அதற்குத் தண்டனையைவிட ஒரு நல்ல வார்த்தை தேவை என்று யதுகிரி நம்பினாள். டாக்டரைப் பார்த்தாள்.

ஸுமந்த் நாட்காட்டியைப் புரட்டினார். "நடந்ததை அப்படியே எழுதணும். இன்னியோட நிறுத்தினா, ஆய்வு தொடங்கறதுக்குள்ள இன்னொரு தடவை ரத்தம் பார்க்கலாம். இடம் நிச்சயம்னு இப்போ சொல்ல முடியாது."

பிறகு எழுந்து, தன் பக்கத்து நாற்காலியைச் சித்தையனுக்காக இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. ஆய்வைப் பத்தி விளக்கின அன்னிக்கு உங்களை வெளியே நிக்க வெச்சுட்டுப் பேசிட்டோம். முதல்லேருந்து சொல்றேன்."